இரண்டு சியோலும் ஒரு ஈஸ்ட் ஹாமும்

எங்கள் வீட்டுக்குள் கொரியாவைக் கொண்டுவந்து விட்டவர் பக்கத்து வீட்டு மலேசிய அக்கா. லண்டனுக்குப் படிக்க வந்து, படித்து முடித்து, திரும்பிப் போக மறந்தவர்களில் ஒருவர். வீடு வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞர். தனியாக இருக்கிறார். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் தண்ணீரைச் சூடாக்கும் பொய்லர் பழுதாகிவிட்டது. அவரிடம் சுடுதண்ணீர் வாங்கிவரப் போன என் மனைவி நெடுநேரம் கழித்து வெறும் வாளியோடும் சிவந்த கண்களோடும் திரும்பி வந்தாள்.

"என்ன, அவ ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டேன்.

"இல்லை. அவன் அவளை அடையாளம் காணேல்லை."

"எவன்?"

"உங்களுக்கு விளங்காது" என்று சொல்லிவிட்டு, வாளியைக் குளியலறையில் வைத்தாள். அன்று நான் குளிர்ந்த தண்ணீரில்தான் குளித்தேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. அது ஒரு கொரியத் தொடர். சியோல் நகரத்தில் பேக்கரி ஒன்றில் வேலை செய்யும் பெண்தான் கதாநாயகி. அவள் குடியிருக்கும் கட்டடத்தின் லிப்ட் மழை பெய்யும்போது மட்டும் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும். கதவு திறந்தால் வெளியே இருப்பது இன்னொரு சியோல். அதே தெருக்கள், அதே கடைகள், அதே மனிதர்கள். ஆனால் வாழ்க்கை வேறு. இந்தச் சியோலில் வீடு வீடாகப் பொதி கொடுப்பவன், அவளுக்குப் பாசல் கொண்டுவரும் இளைஞன், அவளை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அந்தச் சியோலில் அதே முகம் உள்ளவன் இருதய சத்திரசிகிச்சை நிபுணர். அங்கே அவள் அவனுடைய மனைவியாக இருந்து, செத்தும் போயிருக்கிறாள். அவன் இன்னும் அழுதுகொண்டிருக்கிறான். மழை பெய்கிறது. லிப்ட் திறக்கிறது. செத்தவள் கையில் பாணோடு வந்து நிற்கிறாள்.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் பழுதானால் நகர கவுன்சிலுக்குப் போன் பண்ணி, யாராவது எடுக்கும்வரை சங்கீதம் கேட்க வேண்டும். அந்த நாட்டில் லிப்ட் பழுதானால் டொக்டர் மாப்பிள்ளை கிடைக்கிறார். இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் மாறின. மகள் வேலை கிடைத்து மான்செஸ்ரருக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். காலையில் ஹை ஸ்ரீற் நோர்த் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவோம். மத்தியானம் மலேசிய அக்கா ஒரு டப்பாவில் பலகாரத்தோடு வருவார். திரைச்சீலையை இழுத்து மூடுவார்கள். நான் பத்திரிகையை விரித்துக்கொண்டு ஓரத்துக் கதிரையில் இருப்பேன். படிப்பதாகத்தான் நானும் நம்பினேன்.

அந்தத் தொடரில் யாருக்கும் அவசரம் கிடையாது. ஒரு குடையை விரிக்க முழுதாக ஒரு பாட்டு தேவைப்பட்டது. அந்த டொக்டர் வைத்தியசாலைக்குப் போனதை நான் காணவே இல்லை. எந்நேரமும் நீண்ட சாம்பல் நிற ஓவர்கோட்டோடு ஆற்றங்கரையில் நின்றார். அவரிடம் இருதயத்தை ஒப்படைத்த நோயாளிகளின் கதி என்னவென்று யாரும் கேட்கவில்லை. மலேசிய அக்காவுக்கு வேறு கவலை.

"அந்த உலகத்துல அவ செத்துட்டா. மரணச் சான்றிதழ் இருக்கும்லா. இப்ப போய் அவனைக் கட்டிக்கிட்டா அது செல்லுமா?"

"அன்பு இருந்தால் செல்லும்" என்றாள் மனைவி.

"அன்பு இருந்தா பத்தாது. பத்திரம் வேணும்."

இப்படி வாரக்கணக்கில் போனது. ஒரு நாள் தொடரின் இரண்டு அங்கங்களுக்கு இடையில் தேநீர் குடிக்கும்போது அக்கா பொதுவாக ஒரு கேள்வி போட்டார். "அந்த இன்னொரு உலகத்துல நாம எல்லாம் என்னவா இருப்போம்?" தான் நீதிபதியாக இருப்பேன் என்று அவரே பதிலும் சொன்னார். மனைவி இரவுச் சமையலுக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"நான் கனடாவிலை இருப்பன்."

"கனடாவுல என்ன இருக்கு?"

"எனக்கு முதல் அங்கையிருந்துதான் அக்கா ஒரு சம்பந்தம் வந்தது. ரொறொன்ரோ மாப்பிள்ளை. எல்லாம் சரி. சாதகந்தான் பொருந்தேல்லை."

என் பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க மரண அறிவித்தல்கள் இருந்தன. அன்று அவை எல்லாவற்றையும் படித்து முடித்தேன்.

இந்தச் சம்பந்தம் பற்றி கலியாணம் முடித்த புதிதில் அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நானும் சிரித்து மறந்துவிட்டேன். கொரியர்களுக்கு உலகத்தை இரண்டாகப் பிரிக்க மழை வேண்டும், லிப்ட் வேண்டும், ஏராளமான கிராபிக்ஸ் வேண்டும். எங்களுக்கு யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் சாதகம் பார்க்கும் ஒரு சாத்திரியார் போதுமாக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரிவராது" என்று ஒரு சொல் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லால்தான் நான் இன்று ஈஸ்ட் ஹாமில் ஒரு குடும்பஸ்தன்.

கவுன்சிலில் எனக்கு வாகனத் தரிப்பிட அனுமதி கொடுக்கும் பிரிவில் வேலை. மக்கள் கோபமாக வருவார்கள், அதைவிடக் கோபமாகப் போவார்கள். நடுவில் யோசிக்க நிறைய நேரம் உண்டு. அந்த நேரத்தில் கனடாக்காரர் என் தலைக்குள் வளரத் தொடங்கினார். முதலில் உயரமானார். பிறகு அவருக்குத் தலைமயிர் அடர்ந்தது. வாசலில் பனி அள்ளினார். அள்ளும்போது மூச்சு வாங்கவில்லை. அவருடைய வீட்டில் பொய்லர் பழுதாவதில்லை. அப்படியே பழுதானாலும், மனைவியைப் பக்கத்து வீட்டுக்கு வாளியோடு அனுப்பும் ஆள் இல்லை அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்டன் பார்க்குக்குப் போய் கிறீன் ஸ்ரீற்றில் ஒரு ஓவர்கோட் வாங்கினேன். சாம்பல் நிறம், நீளமானது. தொடரில் டொக்டருக்கு முழங்காலில் நின்ற கோட் எனக்குக் கணுக்காலைத் தேடியது. கடைக்காரர் அதுதான் இப்போது ஸ்ரைல் என்றார். போட்டுக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன். ஏறியதும் பின் சீற்றில் இருந்த இரண்டு பொடியங்கள் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கி ஓடினார்கள். ஒரு வயதான பெண் கைப்பையைத் திறந்து தன் பஸ் பாஸை எடுத்து, டிக்கெட் பரிசோதகருக்குக் காட்டுவதுபோல் எனக்குக் காட்டினார். நான் பார்த்து, தலையாட்டி, நன்றி சொன்னேன். வேறு என்ன செய்வது?

ஹை ஸ்ரீற் நோர்த்தில் நாங்கள் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடைத்தம்பி என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான்.

"என்ன அண்ணை, ஆரின்ரை செத்தவீடு?"

மகளுக்குப் படம் அனுப்பினேன். "அப்பா, ஆர் யூ ஓகே?" என்று பதில் வந்தது. மனைவி கதவைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"குளிருதோ?" என்று கேட்டாள். பிறகு இஞ்சித் தேநீர் போட்டுத் தந்தாள். கோட்டைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு.

அந்தக் குளிர்காலம் முடிகிற நேரத்தில் மனைவியின் உறவுக்குள் ஒரு கலியாணம். மண்டபம் பார்க்கிங் என்ற ஊரில். பார்க்கிங்கில் பார்க்கிங் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுமதி கொடுக்கும் எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஒரு வழியாகக் காரை விட்டுவிட்டு உள்ளே போனால், மனைவியின் தமையன் என்னை ஐஸ்கிரீம் வைத்திருந்த மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், அந்தா நிக்கிறார் பாருங்கோ. கனடா. தங்கச்சிக்கு முதல் பேசினது அவரைத்தான்."

பார்த்தேன். உயரத்தில் என்னைவிடக் கட்டை. தலை முழு மொட்டை. கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கழுத்துப்பட்டி. சீனி போடாத ஐஸ்கிரீம் இருக்கிறதா என்று பரிமாறும் பிள்ளையிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவரைவிட உயரமாக அவருடைய மனைவி, பேசாமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இத்தனை மாதமாக நான் போட்டி போட்டது இந்த மனிதரோடா? அந்தக் கோபத்தில்தான் என்று நினைக்கிறேன், நேரே போய்க் கையைக் கொடுத்தேன்.

"சனிக்கிழமை மத்தியானம் வீட்டை வாங்கோ. லண்டன் வந்திட்டு எங்கடை கையாலை சாப்பிடாமல் போகேலாது."

அவர் சந்தோஷமாக வருகிறோம் என்றார். அவருடைய மனைவி என்னை ஒரு கணம் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஓம், கட்டாயம் வாறம்" என்றார்.

திரும்பி வரும்போது காருக்குள் என் மனைவி கேட்டாள்: "என்னத்துக்கு அந்த மனிசனைக் கூப்பிட்டனீங்கள்?"

"ஒரு மரியாதைக்கு."

"சனிக்கிழமை கடைசி அங்கம் பாக்க இருந்தனாங்கள்."

அவளுடைய ஆட்சேபணை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை வந்தார்கள். மலேசிய அக்காவும் வந்தார். யார் வந்தாலும் போனாலும் கடைசி அங்கத்தைத் தவறவிட முடியாது என்று முதலே சொல்லிவிட்டார். மனைவி ஆட்டிறைச்சி, கணவாய், கத்தரிக்காய்ப் பால்கறி என்று விடியற்காலையில் இருந்து சமைத்திருந்தாள். கனடாக்காரர் சோறு இரண்டு கரண்டிக்கு மேல் தொடவில்லை. சீனி வருத்தமாம். கொழுப்பும் ஏலாதாம். முழங்காலுக்கு ஒப்பரேஷன் செய்தபிறகு பனி அள்ளுவதையும் டொக்டர் நிறுத்திவிட்டாராம். இவற்றை எல்லாம் நான் மிகவும் அக்கறையோடு கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் மேலதிக விபரமும் கேட்டேன்.

சாப்பிட்டு முடிந்து கைகழுவிவிட்டு அவர் முன்னறைக்குப் போனார். ரி.வி.யில் கதாநாயகி லிப்ட் வாசலில் குடையோடு உறைந்து நின்றாள். மலேசிய அக்கா தயாராக நிறுத்தி வைத்திருந்தார். கனடாக்காரர் அசையாமல் நின்றார்.

"உந்த நாடகத்தை நீங்களும் பாக்கிறியளோ?"

மனைவி சமையலறையில் இருந்து ஓடி வந்தாள். "நீங்களும் பாக்கிறியளோ?"

"கடைசி அங்கம் இன்னும் பாக்கேல்லை. கலியாண வீட்டு அமளியிலை விட்டுப்போச்சு. ஆரும் முடிவைச் சொல்லிப்போடுவினம் எண்டு மூண்டு நாளாப் போனையே திறக்கேல்லை."

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் இல்லாத மாதிரித்தான். மூவரும் சோபாவில் வரிசையாக அமர்ந்தார்கள். அவள் யாரிடம் போக வேண்டும் என்பதில் உடனடியாக விவாதம் ஆரம்பித்தது. என் மனைவி டொக்டர் பக்கம். அவன்தான் அவளுடைய அருமை தெரிந்தவன் என்றாள். கனடாக்காரர் பாசல் பொடியன் பக்கம்.

"அவன் அவளை நிமிர்ந்தும் பாக்கிறானில்லையே" என்றாள் மனைவி.

"எப்பிடிப் பாப்பான்? அவனை ஆரும் பாக்கிறதில்லையே" என்றார் கனடாக்காரர். "பாசல் கொண்டுபோறவன்ரை முகத்தை ஒருத்தரும் பாக்கிறேல்லை. கையைத்தான் பாப்பினம். நான் போன புதிசிலை கனகாலம் பாசல் கொண்டுபோனனான். பனிக்குள்ளை. கதவு திறக்கும், கை வரும், கதவு மூடும். ஒருநாள் ஒரு மனிசி 'உள்ளை வந்து கையைச் சூடாக்கு' எண்டு சொன்னவ. அவவின்ரை முகம் இப்பவும் ஞாபகம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி ரிஷ்யூப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். நான் தேநீர் போட எழுந்து போனேன்.

சமையலறையில் கனடாக்காரரின் மனைவி ஏற்கெனவே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"தம்பி, உங்களிட்டை ஒண்டு சொல்லட்டோ? இந்த நாடகம் துவங்கின நாளிலை இருந்து இவருக்கு ஒரு கதை. மற்ற உலகத்திலை தான் லண்டனிலை இருப்பாராம். அங்கை ஒருத்தி இருந்து இவர் சொல்லுறதை எல்லாம் ஆறுதலாக் கேப்பாவாம். கலியாணவீடு எண்டது சாட்டு. நான் உங்கடை மனிசியைப் பாக்கத்தான் வந்தனான்."

என் கையில் இருந்த தேயிலைப் பேணியை மேசையில் வைத்தேன். "பாத்திட்டியளோ?"

"பாத்திட்டன். நல்ல பிள்ளை. கெட்டிக்காரி. இவரை ஒரு கிழமை தாங்கமாட்டா."

நானும் என் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என் கோட்டைப் பற்றிச் சொன்னேன். பஸ்ஸில் கிழவி பாஸ் காட்டியதையும் சொன்னேன். அவர் சவர்க்கார நுரைக் கையோடு குனிந்து நின்று, சத்தம் வெளியே போகாமல் சிரித்தார். அவ்வளவு சிரிக்கக்கூடிய ஒருவர் அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நாங்கள் தேநீரோடு உள்ளே போனபோது இறுதிக் காட்சி. கட்டடத்தில் புது லிப்ட் பொருத்தப் போகிறார்கள். இதுதான் கடைசி மழை. அவள் லிப்டுக்குள் நிற்கிறாள். கதவு மூடுகிறது. திரை இருளுகிறது. அடுத்ததாக ஒரு பேக்கரி. அவள் சிரித்தபடி பாண் எடுத்து வைக்கிறாள், டொக்டர் வாசலில் நிற்கிறார். உடனே இன்னொரு பேக்கரி. அங்கும் அவள், அங்கும் பாண், வாசலில் பாசல் பொடியன். முதல் தடவையாக நிமிர்ந்து பார்க்கிறான். லிப்ட் அவளை இரண்டு பேராக்கி, உலகத்துக்கு ஒருத்தியாக அனுப்பிவிட்டது. பாட்டு. முடிவு.

எல்லோருக்கும் விரும்பியது கிடைத்துவிட்டது. நான் கைதட்டத் தயாராக இருந்தேன். சோபாவில் மூவரும் இடிந்துபோய் இருந்தார்கள்.

"இது என்ன வேலை?" என்றார் கனடாக்காரர். "ரெண்டு பேரையும் கட்டுறதெண்டால் இவ்வளவு நாளும் என்னத்துக்கு அழுதவள்?"

"பேக்கரி யார் பேர்ல இருக்கு? அதையாவது சொல்லியிருக்கலாம்" என்றார் மலேசிய அக்கா.

"அவள் ஒண்டை விட்டிருக்க வேணும்" என்றாள் என் மனைவி. "டொக்டரிட்டைப் போயிருக்க வேணும்."

"அதெப்பிடி? பாசல் பொடியன்தான் அவளின்ரை சொந்த உலகம்."

"சொந்த உலகம் எண்டதுக்காக ஆரும் கிடந்து சாகேலாது."

"நீங்கள் லண்டன் ஆக்கள் உப்பிடித்தான். ஒண்டிலையும் திருப்தி இல்லை."

"நீங்கள் கனடா ஆக்களுக்கு எல்லாத்திலையும் திருப்தி. ஐஸ்கிரீமைத் தவிர."

குரல்கள் உயர்ந்தன. இன்னொரு உலகத்தில் தம்பதிகளாக இருந்திருக்க வேண்டியவர்கள், இந்த உலகத்தில் அதற்கான தகுதி தங்களுக்கு நிறையவே உண்டு என்று காட்டினார்கள். நானும் கனடாக்காரரின் மனைவியும் வாசலோரம் கோப்பைகளோடு நின்று பார்த்தோம். கடைசியில் அவர் கைக்கடிகாரத்தைக் காட்டி, "மருந்து போடுற நேரம்" என்று கணவரை எழுப்பிக் கொண்டுபோனார். போகும்போது வாசலில் நின்று என் மனைவியின் கன்னத்தைத் தடவினார். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

எல்லோரும் போனபின் மீதிக் கறிகளைச் சின்னப் பெட்டிகளில் போட்டு மூடிக்கொண்டிருந்தோம். நான் வெற்றி பெற்ற ஆளாக உணர்ந்தேன். அதனால் கொஞ்சம் பெருந்தன்மையோடு பேசினேன்.

"ஆள் பிழையில்லை. உமக்கு நல்லாப் பொருந்தியிருக்கும்."

"ஆர்?"

"கனடா. நீர்தானே சொன்னனீர், மற்ற உலகத்திலை அங்கை இருப்பன் எண்டு."

அவள் கையிலிருந்த மூடியோடு என்னைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்துத்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

"நான் அந்த மனிசனைப் படத்திலைதான் பாத்தது. அதுவும் ஒருக்கா. அந்த ஆளுக்காகவோ கனடா எண்டனான்?" மூடியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அங்கை என்ரை அக்கா இருக்கிறா. அவவின்ரை வீட்டிலை இருந்து நாலு தெரு தள்ளித்தான் மாப்பிள்ளையின்ரை வீடாம். பொருத்தமில்லை எண்டு சாத்திரியார் சொன்ன அண்டைக்கு நான் அழுதனான். அக்காவுக்குப் பக்கத்திலை போகேலாமல் போச்சே எண்டுதான்."

அவளுடைய அக்கா ரொறொன்ரோவில் இருப்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பேசுகிறார்கள். நான்தான் சில நேரம் எடுத்துக்கொடுப்பேன். ஆனால் ஒரு பெண் "கனடா" என்று சொன்னால், அங்கே ஒரு ஆண்பிள்ளை நிற்கிறான் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அதற்காக ஒரு ஓவர்கோட்டும் வாங்கியிருந்தேன்.

"அப்ப போயிட்டு வாருமன்" என்றேன்.

"உங்களுக்குச் சாப்பாடு?"

"பாப்பம்."

கோடையில் அக்காவிடம் போனாள். பல்வைத்தியசாலை வரவேற்பில் வேலை செய்கிறவள், ஒரு மாத லீவு கேட்க அவ்வளவு யோசித்தாள். கேட்டதும் உடனே கொடுத்துவிட்டார்கள். அது அவளுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

முதல் கிழமை போனில் வந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத முகம். அக்காவும் தங்கையும் ஒரே கதிரையில் நெருக்கியடித்து இருந்து, ஒருவர் பேச்சை ஒருவர் முடித்து வைத்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டால் அதற்கும் சிரித்தார்கள். இரண்டாம் கிழமை தனித்தனி அறைகளில் இருந்து பேசினார்கள். அக்கா குழம்புக்குப் பழப்புளி போடுவதில்லையாம், போத்தலில் வருகிற ஏதோ ஒரு புளித்தண்ணீராம். மீன் கழுவியதை மறுபடி கழுவுகிறாவாம். "நான் என்ன சின்னப்பிள்ளையோ?" என்றாள் என் மனைவி. மூன்றாம் கிழமை சமாதானமாகி, இருவரும் ஒரு புதுக் கொரியத் தொடர் பார்த்தார்கள். அதில் கதாநாயகிக்கு இறந்தகாலத்தோடு பேசும் தொலைபேசி ஒன்று கிடைக்கிறதாம். நான் விபரம் கேட்கவில்லை.

கூட்டிவர ஹீத்ரோவுக்குப் போனேன். கறித்தூள் வாசம் வீசும் இரண்டு பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். லண்டனில் இருந்து கொண்டுபோன கறித்தூள் போனபடியே திரும்பி வந்திருந்தது. அக்கா தன் தூளைத்தான் பாவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாவாம்.

"ஏர்ப்போட்டிலை ரெண்டு பேரும் நல்லா அழுதனாங்கள்" என்றாள் காரில் ஏறியதும். "ஆனால் அக்கா கனக்க மாறிட்டா."

"நீர்?"

சீற் பெல்ற்றை இழுத்துப் போட்டாள். "நானுந்தான்" என்றாள்.

நோர்த் சேர்க்குலர் வீதியில் வாகனங்கள் அசையவில்லை. அவள் போனை எடுத்து, வந்து சேர்ந்துவிட்டேன் என்று அக்காவுக்குச் சொல்ல அழுத்தினாள். மணி ஒருமுறை அடிக்க முதலே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். பிளேனில் தந்த சாப்பாட்டைச் சாப்பிட்டாயா, ஏன் சாப்பிடவில்லை, நான் கட்டித் தந்த இடியப்பம் எங்கே என்று தொடங்கியது. "எனக்குப் பசிக்கேல்லை அக்கா, விடுங்கோவன்" என்று இவளும் குரலை உயர்த்தினாள். நான் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, முன்னால் நின்ற லொறி நகரும்வரை காத்திருந்தேன்.